கேள்வி கேட்காமல் ஒரு ஓட்டும் இல்லை!

நேரம் இல்லை. நேரே சொல்கிறோம்.

உள்ளாட்சிக்கு நாம் தேர்ந்தெடுத்தவர்களின் ஐந்தாண்டு முடிகிறது. 2021 அக்டோபர் 6ஆம் தேதி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாப்பாக்குடி, பாளையங்கோட்டை, மானூர் ஒன்றியங்களில் ஓட்டுப் போட வரிசையில் நின்றோம். 9ஆம் தேதி களக்காட்டிலும் நாங்குநேரியிலும் வள்ளியூரிலும் ராதாபுரத்திலும் நின்றோம். 204 ஊராட்சித் தலைவர்கள். 1,731 வார்டு உறுப்பினர்கள். 122 ஒன்றிய உறுப்பினர்கள். 12 மாவட்ட ஊராட்சி உறுப்பினர்கள். இந்த நெல்லை மாவட்டத்தில் மட்டும் 2,069 நாற்காலிகள். அத்தனைக்கும் நம் விரல் மைதான் முதல்.

மறுபடி வருகிறார்கள். துண்டு புதிது. வேட்டி வெளுப்பு. கும்பிடு பெரிது. கோயில் கொடைக்கு நன்கொடை எழுதுகிறார்கள். கல்யாண வீட்டில் மொய் வைக்கிறார்கள். துட்டி வீட்டுக்கு மாலையோடு வந்து முதல் ஆளாக உட்காருகிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோம். தலையாட்டுகிறோம். "பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்று அனுப்பிவைக்கிறோம்.

போதும் தோழர்களே! தலையாட்டியது போதும். இந்த முறை கேளுங்கள். ஊர் நடுவில் நிறுத்திக் கேளுங்கள். உரக்கக் கேளுங்கள். பதில் வராமல் ஒரு ஓட்டும் போகக் கூடாது.

நாம் எதை இழந்தோம் என்று முதலில் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தல் நின்றது. தலைவர்கள் போனார்கள். தனி அலுவலர்கள் வந்தார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் வந்தது. நமக்கு வரவில்லை. தென்காசி பிரிந்தது, வார்டு வரையறை முடியவில்லை என்றார்கள். 2021 அக்டோபர் வரை இழுத்தார்கள். ஐந்து ஆண்டு! ஒரு முழுப் பதவிக்காலம் நம் ஊர்களுக்குத் தலைவர் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

நாம் வாய் திறந்தோமா? மறியல் செய்தோமா? ஊர் ஊராகத் தீர்மானம் போட்டோமா? மௌனமாக இருந்தோம். ஐந்து ஆண்டு மௌனத்துக்கு ஐந்து ஆண்டு ஊராட்சியைக் கொடுத்தோம்.

அந்த 27 மாவட்டங்களிலும் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தது. அங்கேயும் தனி அலுவலர்கள் வந்தார்கள். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. சட்டம் தெளிவாகத்தான் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்க ஊர் எழ வேண்டும். ஆகவே முதல் முழக்கம்: தேர்தலைத் தள்ளாதே! குறித்த காலத்தில் நடத்து! இதை இன்றே எழுப்புங்கள்.

இரண்டாவது முழக்கம்தான் கடினம்: கேள்வி கேட்காமல் ஒரு ஓட்டும் இல்லை! அதற்குத்தான் நெஞ்சு வேண்டும்.

தோழர்களே, நம் கையில் இருப்பது நாலு ஓட்டு. வெள்ளைச் சீட்டு வார்டு உறுப்பினருக்கு. இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு. பச்சை ஒன்றிய உறுப்பினருக்கு. மஞ்சள் மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு. சட்டமன்றத்துக்கு ஒரே ஓட்டு. நாடாளுமன்றத்துக்கும் ஒன்றே ஒன்று. சொந்த ஊருக்கு நாலு.

நாலையும் என்ன செய்தோம்? இளஞ்சிவப்புச் சீட்டுக்கு விடிய விடியப் பேசினோம். வெள்ளைச் சீட்டைச் சொந்தக்காரனுக்குக் கொடுத்தோம். பச்சையில் சின்னத்தைத் தேடிக் குத்தினோம். மஞ்சளிலும் அதே சின்னம். பெயரை வாசித்தவர் எத்தனை பேர்? உங்கள் மாவட்ட ஊராட்சி உறுப்பினர் யார்? இந்த வரியிலேயே நின்று அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

பெயர் வரவில்லையா? அப்படியானால் யாருக்கு அந்த ஓட்டைப் போட்டோம்?

மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்காமல் துட்டை எண்ணிக் கொடுப்போமா? ஐந்தாண்டுக்கு ஊரையே கொடுக்கிறோம் தோழர்களே. ஆளைப் பாருங்கள். ஒவ்வொரு ஆளையும் பாருங்கள். நாலு சீட்டுக்கும் பாருங்கள்.

வெள்ளைச் சீட்டு சின்னச் சீட்டு என்று நினைக்காதீர்கள். அதுதான் கழுத்தைப் பிடிக்கும் சீட்டு. வார்டு உறுப்பினர்கள் கூடித்தான் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட ஊரைப் பாருங்கள். பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊரைப் பாருங்கள். ஆதிக்கக்காரன் தலைவருக்கு நிற்க முடியாது. ஆகவே வெள்ளைச் சீட்டில் நுழைகிறான். துணைத்தலைவர் ஆகிறான். பேனாவை மூடி வைத்துக்கொள்கிறான். சம்பளம் நிற்கும். குழாய் நிற்கும். தலைவர் அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

இது கற்பனை இல்லை. குருவிகுளம் ஒன்றியத்து நக்கலமுத்தன்பட்டி அப்போது நம் மாவட்டம். பொம்மையாக இருக்க மறுத்த ஊராட்சித் தலைவர் ஜக்கையன் 2006-ல் கொல்லப்பட்டார். மானூர் ஒன்றியத்துத் தாழையூத்து இதோ, சங்கர் நகர் சிமெண்டு ஆலைப் பக்கம். 2006-ல் தலைவரான அருந்ததியர் பெண் கிருஷ்ணவேணி. பெண்களுக்குக் கழிப்பறை கட்டப் போராடினார். மிரட்டல் வருகிறது என்று புகார் கொடுத்தார். 2011 ஜூனில் வீடு திரும்பும் வழியில் அவரை அரிவாளால் வெட்டினார்கள். உடம்பெல்லாம் வெட்டு. பிழைத்து எழுந்தார்.

ஒரு கழிப்பறைக்கு அத்தனை வெட்டு!

அவர் தனியாக நின்றார் தோழர்களே. அதுதான் நம் கேள்வி. அன்று ஊர் எங்கே இருந்தது? வார்டு உறுப்பினர்கள் எங்கே இருந்தார்கள்? வெள்ளைச் சீட்டில் நாம் யாரை உட்கார வைத்தோம்?

இந்தத் தடவை வெள்ளைச் சீட்டு கேட்டு வருகிறவரை நிறுத்துங்கள். "துணைத்தலைவர் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவாய்?" என்று கேளுங்கள். "தலைவர் அருந்ததியரோ பறையரோ தேவேந்திரரோ பெண்ணோ, அவர் நாற்காலியில் உட்காரும்போது நீ எழுந்து நிற்பாயா?" என்று கேளுங்கள். முகத்தைப் பாருங்கள். பதில் வாயில் வருவதற்கு முன்பே முகத்தில் வந்துவிடும்.

பச்சைச் சீட்டுக்கும் மஞ்சள் சீட்டுக்கும் வருவோம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் உண்டு. அங்கேதான் கட்சிகள் ஆளை நிறுத்துகின்றன. அங்கேதான் நாம் கண்ணை மூடுகிறோம்.

நாம் 122 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒன்பது ஒன்றியத் தலைவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த 122 பேர் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்ட ஊராட்சித் தலைவரை அந்த 12 பேர் தேர்ந்தெடுக்கிறார்கள். 2021-ல் ஓட்டு எண்ணியது அக்டோபர் 12. மறைமுகத் தேர்தல் அக்டோபர் 22. இடையில் பத்து நாள். இந்தப் பத்து நாளில் உறுப்பினர்களை வேனில் ஏற்றிச் சொகுசு விடுதியில் பூட்டி வைப்பதைத் தமிழ்நாடு எத்தனை தேர்தலில் பார்த்திருக்கிறது! ஜெயித்த மறுநாள் துண்டை மாற்றினால் யார் கேட்பது? கட்சித் தாவல் தடைச் சட்டம் எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும்தான் கட்டும். ஒன்றிய உறுப்பினரைக் கட்டாது. ஊர்தான் கட்ட வேண்டும்.

ஆகவே கேளுங்கள். "உங்கள் கட்சி ஜெயித்தால் ஒன்றியத் தலைவர் நாற்காலியில் யார்? பெயரைச் சொல். பெயரைச் சொல்லிவிட்டு ஓட்டுக் கேள்." எந்தக் கட்சியானாலும் கேளுங்கள். மேலிடம் முடிவு செய்யும் என்றால் மேலிடத்திடமே போய் ஓட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மாவட்டத்துக்கு நிற்பவரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள். மாவட்டத் திட்டக் குழுவில் பெரும்பாலான இடம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கே. அங்கே போய் என் ஊருக்கு என்ன எழுதுவாய்? என்ன கேட்பாய்?

பல உறுப்பினர்களை ஒன்றாக எடை போடுவது நமக்குப் புதிதும் இல்லை. நம் தாத்தா பாட்டி செய்தார்கள். 1952-லும் 1957-லும் திருநெல்வேலி சட்டமன்றத் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. ஒரு வேட்பாளருக்கு ஒரு பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெட்டி பெட்டியாகப் பார்த்து இரண்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1957-ல் அந்த இரண்டில் ஓர் இடத்துக்கு ராஜாத்தி குஞ்சிதபாதம் என்ற பெண்ணை அனுப்பினார்கள். 1961-ல் வந்த சட்டம் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழித்தது. கைநாட்டு வைத்த தலைமுறை இரண்டு பெட்டியைப் பார்த்தது. பட்டம் வாங்கிய தலைமுறை நாலு சீட்டைப் பார்க்க முடியாதா?

இன்னும் பின்னே போங்கள். மானூருக்குப் போங்கள். அங்கே அம்பலவாண சுவாமி கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மாறஞ்சடையன் என்ற பாண்டியன் காலம். ஏறத்தாழ 1,200 ஆண்டு. ஊர்ச் சபையில் உட்காரத் தகுதி என்ன என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். நல்லொழுக்கம் கேட்டார்கள். எதைச் சொன்னாலும் முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு ஐந்து காசு தண்டம் என்றார்கள். உத்திரமேரூரைப் பற்றி உலகம் பேசுகிறது. அதற்கும் முந்தியது நம் மானூர்.

அந்தச் சபையில் நமக்கு இடம் இல்லை தோழர்களே. நிலம் வைத்திருந்தவனுக்கும் வேதம் படித்தவனுக்கும்தான் இடம். உழுதவனுக்கு இல்லை. பெண்ணுக்கு இல்லை. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு இல்லவே இல்லை. இன்று அதே மானூரில் நாலு சீட்டு நம் கையில். ஆயிரம் ஆண்டு வாசலில் நின்றவர்கள் இன்று கேள்வி கேட்கும் இடத்தில் நிற்கிறோம். தகுதியை நாம் கேட்போம். நாம் வகுத்த தகுதியைக் கேட்போம். கல்லில் வெட்ட வேண்டாம். சாவடிச் சுவரில் எழுதுங்கள்.

என்ன கேட்பது?

தண்ணீரைக் கேளுங்கள். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் விழும் வரை தாமிரபரணி ஒன்றுதான் நம் தொண்டை. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. அந்த ஆற்றில் சாக்கடை கலக்கிறது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே நெல்லைக்கு வந்து கரையில் நின்று பார்த்தார்கள். நீதிபதி வந்து பார்க்கும் வரை நம் உறுப்பினர் எங்கே இருந்தார்? கிராம சபையில் இதற்கு ஒரு தீர்மானம் போட்டாரா? ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எத்தனைக்கு வந்தார்? வந்தவர் வாயைத் திறந்தாரா? தீர்மானப் புத்தகத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

குளத்தைக் கேளுங்கள். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள குளம் ஒன்றியத்தின் பொறுப்பு. நீர்வளத் துறையைக் கைகாட்டித் தப்ப முடியாது. பச்சைச் சீட்டு கேட்டு வருகிறவருக்கு அவர் வார்டில் எத்தனை ஒன்றியக் குளம் இருக்கிறது என்று தெரியுமா? மடை எங்கே உடைந்திருக்கிறது? எந்தக் கரையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது? கேளுங்கள். குளத்தங்கரைக்கே கூட்டிப் போய்க் கேளுங்கள். பிசானத்துக்கு நாற்றுப் பாவுகிற சம்சாரிக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிய வேண்டாமா?

குப்பையைக் கேளுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவை நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டினார்கள். ஊசி. ரத்தம் தோய்ந்த பஞ்சு. நோயாளிகளின் சீட்டு. ஆற்றுக்கும் வயலுக்கும் பக்கத்தில்! ஊர் கத்தியது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. லாரி வந்து அள்ளிப் போனது. ஊர் கத்தியதால் போனது தோழர்களே. கத்தினால் போகும். இதை மறக்காதீர்கள். கழிவு லாரி ராத்திரியில் நுழைந்தபோது எந்த வேட்பாளர் அதை மறித்தார்? எந்த வேட்பாளரின் ஆள் இடத்தைக் காட்டிக் கொடுத்தார்? ஊருக்குத் தெரியும். தெரிந்தவர் சொல்லுங்கள்.

வெள்ளத்தைக் கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். கரையோர ஊரெல்லாம் தண்ணீர். அன்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கிழவியைத் தூக்கி வந்தது யார்? போனை அணைத்து வைத்தது யார்? அந்த இரண்டு நாளைவிடப் பெரிய தேர்வு ஒருவருக்கு உண்டா? அன்று சோறு பொங்கிய பையன் இன்று வெள்ளைச் சீட்டுக்கு நின்றால் அவனைத் தூக்கி நிறுத்துங்கள். கட்சி பார்க்காமல் தூக்கி நிறுத்துங்கள்.

மணலைக் கேளுங்கள். கேட்பது ஆபத்து. தெரிந்துதான் சொல்கிறோம். தோழர் நல்லகண்ணு ஸ்ரீவைகுண்டத்து மண். தாமிரபரணி மணலுக்காக மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டுத் தானே நின்று வாதாடினார். 2010-ல் தாமிரபரணியில் ஐந்தாண்டு மணல் அள்ளத் தடை வாங்கினார். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். 2023 ஏப்ரல் 25. முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் மணல் கடத்தல்காரர் மேல் புகார் கொடுத்ததற்காக அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டப்பகலில்!

அவர் அரசு நாற்காலியில் உட்கார்ந்து தனியாகக் கேட்டார். நாம் நூறு பேர் சேர்ந்து கேட்க மாட்டோமா? வேட்பாளரிடம் கேளுங்கள். உன் பெயரில் டிப்பர் லாரி இருக்கிறதா? தம்பி பெயரில்? மச்சான் பெயரில்? வேட்புமனுவோடு சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் எழுதி உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதை வாங்குங்கள். சாவடியில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். எழுதாமல் விட்டதை ஊர் எழுதும்.

துட்டைக் கேளுங்கள் தோழர்களே. 2021 தேர்தலில் செலவு வரம்பு என்ன தெரியுமா? வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய். ஊராட்சித் தலைவருக்கு 34,000. ஒன்றிய உறுப்பினருக்கு 85,000. மாவட்ட உறுப்பினருக்கு 1,70,000. அவ்வளவுதான். பிளெக்ஸை எண்ணுங்கள். வேனை எண்ணுங்கள். பிரியாணி அண்டாவை எண்ணுங்கள். தெருவுக்குத் தெரு கவர் கொடுத்தவர் 34,000 ரூபாயில் எப்படிக் கொடுத்தார்? அந்தத் துட்டு எங்கிருந்து வந்தது? எங்கே போய் எடுப்பார்? நம் குழாயில் எடுப்பார். நம் குளத்தில் எடுப்பார். நம் சாலையின் தாரில் எடுப்பார். கவரை வாங்கிய கை அவரைக் கேள்வி கேட்க எழுமா? எழாது. அதற்காகத்தான் கொடுக்கிறார்.

வீடு வறுமையில் கிடக்கிறது. தெரியும். ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கிடைக்கும் என்று முக்கூடலுக்கும் மேலப்பாளையத்துக்கும் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டாம். வறுமையைக் குற்றம் சொல்லவில்லை அக்கா. அந்த வறுமையை விலை பேசுகிறவனைத்தான் சொல்கிறோம். கவரோடு வருகிறவனைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு தெரு அனுப்பினால் அடுத்த தெருவுக்குத் தைரியம் வரும்.

ஏலத்தை மறியுங்கள். கோயிலுக்கு இத்தனை லட்சம் கொடுக்கிறவரே தலைவர், மற்றவர் எல்லாரும் வாபஸ் என்று நாலு பெரியவர்கள் ராத்திரியில் கூடி முடிப்பார்கள். ஊர் ஒற்றுமை என்று பெயர் வைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எந்தப் பெண் இருந்தாள்? காலனியிலிருந்து யாரைக் கூப்பிட்டார்கள்? யாரும் இல்லாத இடத்தில் முடிந்தது ஊர் முடிவா? அது குற்றம். சொல்லுங்கள், குற்றம் என்று அங்கேயே எழுந்து சொல்லுங்கள். ஊராட்சித் தலைவருக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 300. நூறு பேர் ஆளுக்கு ஆறு ரூபாய் போட்டால் ஏலம் உடைந்தது!

பெண் தோழர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. பாதி இடம் உங்களுக்கு என்று சட்டம் சொல்கிறது. சுவரொட்டியில் உங்கள் படம் சின்னதாகவும் கணவர் படம் பெரிதாகவும் இருந்தால் கிழியுங்கள். மேடைக்கு நீங்கள் வாருங்கள். பதில் நீங்கள் சொல்லுங்கள். பாளையங்கோட்டை ஒன்றியத்துச் சிவந்திபட்டியில் 2021-ல் தொண்ணூறு வயதுப் பெருமாத்தாள் தலைவராக ஜெயித்தார். அதே தேர்தலில் கடையம் ஒன்றியத்து வெங்கடாம்பட்டியில் கல்லூரி முடித்த இளம்பெண் சாருகலா ஜெயித்தார். வயது தடையில்லை என்று ஊர் சொல்லிவிட்டது. இனி எந்தப் பெண் வேட்பாளரிடமும் கணவர் பதில் சொல்ல எழுந்தால், உட்காரச் சொல்லுங்கள். கேள்வி அவருக்கு இல்லை.

இப்போது எல்லாவற்றிலும் கடினமானது. நெஞ்சில் கை வைத்துக் கேளுங்கள்.

நம் கட்சி ஆள் நிற்கிறார். நம் கொடி. நம் கூட்டணி. நம்மோடு மறியலில் உட்கார்ந்தவர். அவரையும் கேட்போமா?

கேட்போம்! அவரைத்தான் முதலில் கேட்போம். கட்சிக்காரன் கேள்வி கேட்டால் துரோகி என்கிறார்கள். கேட்காமல் விட்டதால்தான் கட்சி கெட்டது. மேலே பேசி முடித்து ஆளை இறக்குகிறார்கள். வார்டுக்கு வராதவரை வார்டுக்கு நிறுத்துகிறார்கள். சாதிக் கணக்குப் போட்டு நிறுத்துகிறார்கள். துட்டு உள்ளவரை நிறுத்துகிறார்கள். கொடியைப் பார்த்துக் கும்பிட்டு நாமும் குத்துகிறோம். கிளைக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள் தோழர். "இந்த ஆள் வேண்டாம். எங்கள் ஊரில் உழைத்த ஆளைப் போடு" என்று சொல்லுங்கள். குரல் நடுங்கட்டும். சொல்லிவிடுங்கள்.

சாதிக்காரன் நிற்கிறான். அவனையும் கேட்போமா? கேட்போம். நம் சாதி என்பதால் குளம் தூர்வாரப்படுமா? நம் சாதி என்பதால் காலனிக்குத் தண்ணீர் லாரி போகுமா? நாங்குநேரி வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் அரிவாளைக் கொடுத்த சாதி நமக்கு வேண்டாம். வேட்பாளர் யாராக இருந்தாலும் அடுத்த தெருவுக்கு என்ன செய்வாய் என்று கேளுங்கள். தன் தெருவைப் பற்றி மட்டும் பேசுகிறவரைத் திருப்பி அனுப்புங்கள்.

பயமாக இருக்கிறதா? இருக்கும். நமக்கும் இருக்கிறது. நாளைக்குச் சான்றிதழுக்கு அலைய விடுவார்கள். நூறு நாள் வேலையில் பெயரை விடுவார்கள். முக்கு வீட்டுக்காரன் முறைப்பான். எல்லாம் உண்மை.

1999 ஜூலை 23. கூலி கேட்டும், சிறையில் இருந்த தோழர்களை விடச் சொல்லியும் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் ஊர்வலமாகக் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தார்கள். மனுவோடு வந்தார்கள். தடியால் அடித்து ஆற்றுக்குள் தள்ளினார்கள். 17 உயிர். அதில் ஒன்றரை வயதுக் குழந்தை. அதே ஆற்றங்கரையில்தான் நாம் தினமும் பஸ் ஏறுகிறோம். அவர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்டார்கள். நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. எழுந்து நின்று ஒரு கேள்வி. அவ்வளவுதான் கேட்கிறோம்.

இதைச் செய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்று ராத்திரி.

வார்டுக்குப் பத்துப் பேர் சேருங்கள். ஐந்து பேர் பெண்களாக இருக்கட்டும். எல்லாத் தெருவிலிருந்தும் இருக்கட்டும். ஊராட்சி வரவு செலவுக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு இப்போதே மனுப் போடுங்கள். பதில் வர முப்பது நாள் ஆகும். பிந்தினால் தேர்தல் முடிந்துவிடும். பழைய தீர்மானங்களை நகல் எடுங்கள். குளங்களைப் போய்ப் பார்த்துப் படம் எடுங்கள். தண்ணீர் வராத தெருக்களை எழுதுங்கள்.

மனுத் தாக்கல் முடிந்ததும் சாவடி முன்னால் பொதுக்கூட்டம் போடுங்கள். நாலு சீட்டுக்கும் நிற்கிற எல்லாரையும் கூப்பிடுங்கள். கட்சி பார்க்காமல் கூப்பிடுங்கள். ஒரே பெஞ்சில் உட்கார வையுங்கள். வராதவர் நாற்காலியைக் காலியாகவே விடுங்கள். ஊர் பார்க்கட்டும். ஆளுக்கு அதே கேள்வி. ஆளுக்கு அதே நேரம். சொன்ன பதிலை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சுவரில் ஒட்டுங்கள். ஐந்தாண்டும் கிழியாமல் பாருங்கள்.

களக்காட்டில் ஒரு ஊர் செய்தால் ஏர்வாடிப் பக்கம் கேட்கும். பாப்பாக்குடியில் செய்தால் முக்கூடல் பேசும். 204 ஊராட்சி. ஆளுக்கொரு ஊரை எடுங்கள். எடுத்த ஊரை விடாதீர்கள்.

கூட்டம் கூடும். மைக் வரும். அண்ணாச்சி வந்து உட்காருவார். ஊரே அமைதியாகும். யார் முதலில் கேட்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்காதீர்கள் தோழர். எழுந்திருங்கள். மைக்கை வாங்குங்கள். முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு நாங்கள் எழுந்து நிற்கிறோம்.